வாசகர் கேள்விகள்: நேர்முகத் தேர்வு

கேள்வி: ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் பெயர், படிப்பு, பார்த்த வேலைகள் என்று வரிசையாகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் தலையைக் குனிந்து பயோடேட்டாவைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறார். எதை மாற்றுவது?

பதில்: அவர் கையில் இருக்கும் தாளையே வாசித்துக் காட்டினால் எதற்காக நிமிர்வார்? இப்போது செய்யும் வேலையில் தொடங்குங்கள். அடுத்து, கேட்கும் பதவிக்குப் பொருந்தும் ஒரே ஒரு காரியம். பிறகு, இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்பது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் நாளே வேலை விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளில் முக்கியமான ஐந்தை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே நீங்கள் செய்த ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன. சிக்கலை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைத் தீர்த்துவிடுபவர்கள்தான் அதிகம். அதற்கு இரண்டு வாக்கியம் போதும். மிச்ச நேரம் உங்கள் செயலுக்கு. ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசினால் உங்கள் பங்கு எது என்று தெரியாது. குழுவில் செய்ததைக் குழுவுக்குக் கொடுங்கள், உங்கள் பகுதியை ‘நான்’ என்றே சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

‘பில் வேலையை வேகப்படுத்தினேன்’ என்பதைவிட ‘6 நாள் பிடித்ததை 2 நாளில் முடித்தோம், சரிபார்க்கும் படிவத்தை மாற்றியது நான்’ என்பது மனத்தில் நிற்கும். உடனே ‘எப்படி மாற்றினீர்கள்?’ என்று வரும். அதற்குப் பதில் இல்லாத எண்ணைச் சொல்லவே வேண்டாம். வரிக்கு வரி மனப்பாடமும் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் அடுத்ததெல்லாம் நின்றுபோகும்.

கேள்வி: வீடியோ வழியாகத் தேர்வு. கவனிக்க வேண்டியது?

பதில்: கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்களை அடுக்கலாம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், அதை எதிரே வைத்து உட்காருங்கள். பேசும்போது லென்ஸைப் பாருங்கள். குறிப்பைத் திரையில் வைத்துப் படித்தால் கண் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும்.

கேள்வி: ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால்?

பதில்: ‘ஒன்றும் இல்லை’ என்பது ஆர்வமில்லாததாகப் படும். ‘முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அவர்களுடைய உண்மையான தேவை வெளிப்படும். உங்கள் ஐந்து குறிப்புகளில் இதுவரை பேசாத ஒன்று அதற்குப் பொருந்தினால் அப்போதே சொல்லிவிடலாம். இணையதளத்திலேயே விடை இருக்கும் கேள்வியை மட்டும் தவிருங்கள்.