ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ன செய்யும்? (கேள்வி பதில்)

வெந்தயம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்குமேல் சலரோகம் பற்றியவை. ஆகவே அதையே முதலில் எடுக்கிறேன். நான் ஓய்வுபெற்ற மருந்தாளர், வைத்தியர் அல்லன். உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

கேள்வி (சுன்னாகம்): ஐயா, இரவில் வெந்தயத்தை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் காலையில் அப்பாவுக்குக் கொடுக்கிறோம். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக்கூடாது தம்பி. வெந்தயத்தில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஊறிய விதையை இரண்டு விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். வழுவழுவென்று ஒட்டும், விரலைப் பிரித்தால் மெல்லிய நூலாக இழுபடும். கலக்டோமன்னன் என்ற கரையும் நார் அது. குடலில் சோற்றோடு சேர்ந்து குழைந்து, மாச்சத்து சீனியாகி இரத்தத்தில் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஓர் அமினோ அமிலமும் விதையில் உண்டு. நாரின் பெரும்பகுதி விதையிலேயே இருக்கிறது. தண்ணீரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு விதையைக் கோழிக்குப் போட்டால் பலன் கோழிக்குத்தான்.

அளவு என்று ஒன்றும் இருக்கிறது. 1990இல் வெளியான ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இன்சுலின் போடும் நோயாளிகளுக்குக்கூட அதில் இரத்தச் சீனி நன்றாகவே குறைந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் பாதி பாதியாக. நம்முடைய தேக்கரண்டியில் 4 கிராம்கூட வராது. அந்த 100 கிராமை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். வயிறு ஊதிப் பெருத்து, போக்கும் தொடங்கிவிடும்.

இன்னொன்று: மாத்திரையோடு வெந்தயத்தையும் கூடுதலாகச் சேர்த்தால் சீனி மட்டுக்கு மீறி இறங்கவும் கூடும். கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால், தலை சுற்றினால் உடனே சீனி கரைத்துக் கொடுங்கள். அடுத்த கிளினிக்கில் வெந்தயம் எடுப்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி): மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமை. பால் போதவில்லை. என் அம்மா வெந்தயக் களி கிண்டச் சொல்கிறார். உண்மையில் பால் ஊறுமா?

பதில்: களியைக் கொடுங்கள் அக்கா. நல்லெண்ணெயும் பனங்கட்டியும் சேர்ந்த அந்தக் களி, பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு. பால் ஊறுமா என்றால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் கூடியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பிள்ளை அடிக்கடி உறிஞ்சினால்தான் பால் சுரக்கும். அதற்கு மாற்று இல்லை. பிள்ளையின் வாய் மார்பில் சரியாகப் பொருந்துகிறதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பிள்ளையின் நிறை கூடாவிட்டால் களியை நம்பிக் காத்திருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வெந்தயம் நிறையச் சாப்பிட்ட தாயின் வியர்வையிலும், சில சமயம் பிள்ளையின் சிறுநீரிலும் இனிப்புப் பாணியின் மணம் வரும். சோட்டோலோன் என்ற பொருள் அதற்குக் காரணம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் அரிதான, ஆபத்தான பிறவி நோயொன்றிலும் சிறுநீர் இதே மணம்தான் வீசும். ஆகவே அந்த மணம் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தாய் வெந்தயம் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): ஐந்து மாதக் கர்ப்பம். சொதியில் வெந்தயம் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள் தங்கச்சி. சொதிக்குப் போடும் அரைத் தேக்கரண்டி ஒன்றும் செய்யாது. பொடியாகவோ குளிசையாகவோ அதிக அளவில் எடுப்பதுதான் கூடாது, கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடும்.

கேள்வி (நெல்லியடி): வேறு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது உண்டா?

பதில்: இரத்தம் உறையாதிருக்க வோபரின் எடுப்பவர்கள் சமையல் அளவோடு நிற்கட்டும். தைரொயிட் சுரப்புக் குறைவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் எடுப்பவர்கள் அதே நேரத்தில் வெந்தயத்தையும் விழுங்க வேண்டாம். நார் குறுக்கே நின்றால் மருந்து முழுதாகச் சேராமல் போகலாம். சில மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கச்சான், கடலை ஒத்துக்கொள்ளாதவர்களும் கவனம். வெந்தயமும் அந்தக் குடும்பத்துச் செடிதான்.

கேள்வி (பருத்தித்துறை): இரத்தம் குறைவு என்றார்கள். வெந்தயத்தில் இரும்புச்சத்து அதிகமாமே?

பதில்: 100 கிராமில் ஏறத்தாழ 33 மில்லிகிராம் உண்டு. தேக்கரண்டிக் கணக்கில் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். தாவர இரும்பு உடம்பில் எளிதில் சேராது. தேசிக்காய்ப் புளி அதற்கு உதவும். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் அதைக் கெடுக்கும். தந்த இரும்புக் குளிசையை விடாதீர்கள்.

கேள்வி (நல்லூர்): முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிட்டால் இன்னும் நல்லதா?

பதில்: 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்திலிருந்து போன வெந்தய விதையின் முளைகளையே விசாரணை காரணமாகக் காட்டியது. முளைகட்ட வைக்கும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். முளைவிட்டதை நன்றாகச் சூடேற்றிச் சாப்பிடுங்கள்.

கேள்வி (கொக்குவில்): தலைக்கு அரைத்துப் பூசினால் முடி வளருமா?

பதில்: முடி மெதுமெதுவென்று இருக்கும். வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

கேள்வி (அச்சுவேலி): கறித்தூள் இடித்தால் ஒவ்வொரு முறையும் கசக்கிறது. வெந்தயத்தைக் குறைக்கவா?

பதில்: குறைக்க வேண்டாம். மல்லியோடு சேர்த்து வறுக்கிறீர்கள் போலிருக்கிறது. மல்லி பதமாகும் முன்பே வெந்தயம் கருகிவிடும். தனியாக, மெல்லிய நெருப்பில், பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். சட்டியின் சூட்டிலேயே மீதி வறுபடும். மில்லுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள். கருகியிருந்தால் அந்தப் பிடியை மட்டும் எறிந்துவிட்டு வேறு வறுங்கள்.