கார் சாவியைத் தொட்டாலே கை நடுங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 44. கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். மாமியாரை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பதினைந்து நாள் ஓட்டினேன். அங்கே நன்றாகத்தான் வந்தது. வீட்டு காரில் கணவரோடு போன முதல் நாளே பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மூன்று முறை ஸ்டார்ட் செய்தும் குதித்துக் குதித்து நின்றது. பின்னால் ஒரே ஹாரன், பக்கத்தில் இவருடைய சத்தம். அழுதுவிட்டேன். ஒரு மாதமாகச் சாவியைத் தொடவில்லை. எல்.எல்.ஆர். முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இது வராதோ?
- வாசகி, ஈரோடு

பதில்: வரும் சகோதரி. ஸ்கூல் வண்டியில் நன்றாக வந்தது, வீட்டு வண்டியில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வண்டி திணறும்போதெல்லாம் அவர் தன் காலால் மிதித்துச் சமாளித்திருப்பார், நீங்கள் ஸ்டியரிங் பிடித்ததோடு சரி. அதாவது உங்கள் இடது காலுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவே இல்லை. பழகாத கால் சிக்னலில் நடுங்காமல் என்ன செய்யும்? இதில் வயதுக்கு வேலையே இல்லை.

முதலில் ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், வண்டி லேசாக அதிரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை அப்படியே நிறுத்தினால் சமதளத்தில் வண்டி தானாக நகரும். நகர்ந்ததும் கிளட்ச்சை மறுபடி மிதித்து, பிரேக் போட்டு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, நான்கைந்து நாள் இதை மட்டுமே செய்யுங்கள், வேறு எதுவும் வேண்டாம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், எட்டி எட்டி மிதித்தால் ஹாஃப் கிளட்ச் பிடிபடவே பிடிபடாது.

அப்புறம், வண்டியை வேண்டுமென்றே ஆஃப் செய்து பழகுங்கள். ஆஃப் ஆனதும் பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், சொல்லும்போது மூச்சு அடைபடாது. சிக்னலில் மூன்று முறை குதித்ததற்குக் காரணம் பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டதுதான். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும், அவருக்காகக் காலை அவசரமாக எடுக்காதீர்கள்.

பக்கத்தில் யார் உட்கார்வது என்பதும் முக்கியம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம், அது சத்தமாக வெளியே வருகிறது. கொஞ்ச நாளைக்கு அவரை விட்டுவிடுங்கள். தனியாகப் பணம் கொடுத்தால் உங்கள் வண்டியிலேயே வந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள், பொறுமையான தம்பியோ அண்ணனோ இருந்தால் இன்னும் நல்லது.

எல்.எல்.ஆர். பற்றிக் கவலையே வேண்டாம். ஆறு மாதம் முடிந்துபோனால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். டெஸ்ட்டில் தவறினாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம்.

ரோட்டுக்கு வந்ததும் பானட்டைப் பார்க்காமல் தூரத்தில் பாருங்கள், ஸ்டியரிங் ஆடுவது பாதி அதிலேயே அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை, அதே பன்னீர்செல்வம் பார்க் வழியாகவே போய்த் திரும்புங்கள். நாலு ஞாயிறு அதே ரோடுதான், வேறு ரோடு வேண்டாம். சிவப்பு விழுந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள், நின்று எடுக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. மாமியாரை ஏற்றுவது லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு.