ஒரே நகரம், இரண்டு மேயர்கள்

கேள்வி: லண்டனுக்கு இரண்டு மேயர்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

பதில்: உண்மைதான். பழையவர் ‘லார்டு மேயர்’. 1189-இல் ஹென்றி ஃபிட்ஸ் ஐல்வின் முதல் மேயரானதாக மரபு கூறுகிறது. 1212-இல் இறக்கும்வரை அவரே பதவியில் நீடித்தார். 1215-இல் ஜான் மன்னர் அளித்த சாசனம், ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நகரத்தாருக்கு வழங்கியதோடு, தேர்வானவர் அரசரிடம் வந்து விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அந்தப் பயணமே இன்றும் நவம்பரில், பொன்முலாம் பூசிய சாரட்டு வண்டியுடன் ஊர்வலமாகத் தொடர்கிறது. இத்தனை ஆடம்பரத்துக்கும் அவருடைய எல்லை ஏறத்தாழ ஒரு சதுர மைல்தான்!

மாநகர் முழுமைக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவி 2000-இல்தான் உருவானது. போக்குவரத்து இவர் பொறுப்பு. முதலில் வென்ற கென் லிவிங்ஸ்டன், 2003-இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணம் விதித்தார்.