டப்சோபாவுக்குக் கொடுத்த பணத்தில் வாகடூகுவுக்கு எவ்வளவு?

வணக்கம் சார்,

பேயர் லெவர்குசென் 2023-24-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீகை வென்றபோதுதான் அவர்களின் டிஃபெண்டர் எட்மண்ட் டப்சோபாவைக் கவனித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோக்காரர் (தலைநகர் வாகடூகு) ஏன் முதலில் போர்ச்சுகல் போனார்? அவருக்காக லெவர்குசென் கொட்டிய பணத்தில், சின்ன வயதில் பழக்கிவிட்ட ஊர் கிளப்புக்கு ஏதாவது போகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் வயதுக் கணக்கு. ஃபிஃபா விதிப்படி 18 நிரம்பாத ஆட்டக்காரரை வெளிநாட்டு கிளப் பதிவு செய்ய முடியாது. சில விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16-லேயே மாறலாம், ஆப்பிரிக்கப் பையன் காத்திருக்க வேண்டும். டப்சோபா பிறந்தது 1999 பிப்ரவரி 2. அவர் போர்ச்சுகலின் லெய்க்ஸோஸ் கிளப்புக்குப் போனது 2017. பிறகு அதே நாட்டின் விட்டோரியா கிமராய்ஸ்.

இங்கிலாந்துக்கு நேரே போவது கடினம். அங்கே வேலை அனுமதி புள்ளிக் கணக்கில் கிடைக்கிறது. நாட்டு அணிகளின் ஃபிஃபா தரவரிசையில் முதல் 50-க்கு வெளியே உள்ள நாட்டுக்கு எத்தனை சர்வதேச ஆட்டம் ஆடினாலும் அதற்குப் புள்ளி இல்லை. போர்ச்சுகலில் அந்தத் தடை இல்லை. பெரிய கிளப்புகளின் ‘பி’ அணிகள் பெரியவர்களுக்கான லீகிலேயே ஆடுகின்றன. கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டரான செண்டர் பேக்குக்கு இது மிக முக்கியம். முப்பது வயது ஸ்ட்ரைக்கர் முதுகைக் கொடுத்துப் பந்தை மறைக்கும்போது எப்போது ஒட்டி நிற்பது, எப்போது ஓரடி விலகுவது என்பதை ஜூனியர் ஆட்டத்தில் கற்க முடியாது. ஓரத்தில் ஓடும் விங்கர் 18 வயதில் வேகத்தை வைத்தே விலைபோவார். டிஃபெண்டர் பிழை செய்து தேற வேண்டும்.

இனி பணம். 2020 ஜனவரியில் லெவர்குசென் கொடுத்ததாகச் செய்தி வந்த தொகை ஏறக்குறைய 1.8 கோடி யூரோ. ஒப்பந்தம் முடியுமுன் நடக்கும் ஒவ்வொரு கிளப் மாற்றத்திலும் தொகையில் 5 சதவீதம் வரை, 12 முதல் 23 வயதுவரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு உரியது. வாங்கும் கிளப் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16-லிருந்து 0.5. ஒரே கிளப்பில் 12 முதல் 17 வரை ஒரு பையன் பதிவாகியிருந்தான் என்று வைத்துக்கொண்டால், 1.8 கோடிக்கு 3.6 லட்சம் யூரோ. வாகடூகுவில் ஒரு கிளப்புக்கு அது சாதாரணத் தொகையா?

சிக்கல் ‘பதிவு’ என்ற சொல்லில்தான். பையன் எட்டு வயதிலிருந்து அங்கேயே ஆடியிருப்பான். நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தில் பதிவு செய்தது 16-இல் என்றால் முந்தைய நான்கு ஆண்டுகளுக்கான 1.8 லட்சம் போச்சு. சம்மேளனத்தில் சேராத தனியார் அகாடமிக்கு ஒரு காசும் இல்லை. அதனால்தான் பல அகாடமிகள் பையன்களை, சம்மேளனத்தில் சேர்ந்த கிளப் ஒன்றின் பெயரில் பதிகின்றன. அந்தக் கிளப் பின்னால் பங்கு தர மறுத்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர் என்ன செய்வார்? பிறந்த தேதி ஓர் ஆவணத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்றால் அதுவும் தகராறு.

டப்சோபா மாறிய காலத்தில் கிளப்பே செய்தி பார்த்து, கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து பாரிஸில், இந்தப் பங்கை உரிய கிளப்புகளுக்குச் சேர்க்கும் ஃபிஃபாவின் தீர்வகம் இயங்குகிறது. மாற்றம் பதிவானதும் ஆட்டக்காரரின் பதிவு வரலாறு தானாகத் திரட்டப்படுகிறது. ஆனால் உரிமையாளர் யார், வங்கிக் கணக்கு எது என்ற சோதனையைக் கிளப் தாண்டினால்தான் பணம் இறங்கும்.