தரகர் கண்ணால் போடும் எடையை நம்பலாமா?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். 20 செம்மறி வைத்திருக்கிறேன். எட்டு மாதக் கிடாக் குட்டிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்கிறார் தரகர். கடையிலோ கறி கிலோ 800. நானே ஞாயிற்றுக்கிழமை அறுத்து விற்றால் என்ன?

பதில்: அறுப்பதை அப்புறம் பார்ப்போம் தம்பி. அந்தக் குட்டி எத்தனை கிலோ? வயது எழுதியிருக்கிறீர்கள், விலை எழுதியிருக்கிறீர்கள், எடையைக் காணோம். கால்நடை மருத்துவராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதே கதைதான். முதலில் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள். அதுவரைக்கும் ஆள் ஏறி நிற்கிற மிஷின் போதும். காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள்.

20 கிலோ வந்தால் எலும்போடு 9 கிலோ கறி தேறும். 800 ரூபாய் என்றால் 7,200. தலை, கால், குடல் தனி. வெட்டுக்கூலி, வாடகை, விற்காமல் நிற்பது எல்லாம் போனாலும் கடைக்காரர் உயிர் எடைக்குக் கிலோ 320 கொடுக்கலாம், அதாவது 6,400. தரகர் என்ன செய்கிறார்? முதுகைத் தடவி, இடுப்பில் கட்டைவிரலை அமுக்கி, உதட்டைப் பிதுக்கி "ஏழு கிலோகூடத் தேறாதுங்க" என்கிறார். அந்த ரெண்டு கிலோதான் அவர் சம்பாத்தியம். தராசைக் கொண்டுவந்தால் "குடல் கழிவு" என்று ரெண்டு கிலோ தள்ளுவார், அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதைவிட மோசம் முன்பணம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஜூன் மாதம் தரகரிடம் 2,000 வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆடி மாதம் கிராக்கி ஏறும்போது அந்தக் குட்டிக்கு வேறு ஆளிடம் விலை கேட்கவே முடியாது, ஊரில் இன்னொரு தரகரும் உங்கள் பட்டிப் பக்கம் வர மாட்டார், அவர்களுக்குள் பேச்சு அப்படி. சந்தையில் துண்டுக்குள் கை விட்டு விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, அந்த விரல் உங்கள் விரலாக இருந்தால் சரி. தரகரும் வியாபாரியும் பிடித்துக்கொண்டு உங்களிடம் வாயால் வேறு விலை சொன்னால் கயிற்றை விடாதீர்கள். சந்தையில் ஆடு நிறுக்க ஒரு எடைமேடை போடச் சொல்லி நானே எத்தனையோ தடவை எழுதிப் போட்டேன். நுழைவுச் சீட்டுக்குக் காசு வாங்க மட்டும் விடியற்காலையிலேயே ஆள் வந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்: பக்ரீத். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து வருகிறவர்கள் குர்பானிக்கு, அதாவது பலி கொடுக்க, வாங்குவதால் கறிக் கணக்கு பார்ப்பதில்லை. கண் தெளிவாக இருக்க வேண்டும், நொண்டக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது. வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். பால்பல் விழுந்து முன்னால் ரெண்டு பெரிய பல் போட்ட கிடா என்றால் பேச்சே வேறு. அப்படிப்பட்ட கிடாவை நிறுத்து விற்றால் நஷ்டம் உங்களுக்குத்தான், உருவத்துக்கு விலை சொல்லுங்கள். அதனால் குட்டிகளில் வாட்டசாட்டமான மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, அடையாளத்துக்கு என்று காதை வெட்டாமல், கொம்பு முட்டிக்கொள்ளாமல் தனியாகக் கட்டி வளர்த்து வையுங்கள். எட்டு மாதத்தில் அவற்றையும் சேர்த்து "பட்டி மொத்தமும் ஒரே விலை" என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, நீங்களே அறுப்பது. நகராட்சிக்குள் ஆட்டுத்தொட்டி என்கிற அறுப்புக்கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது. கிராமத்தில் கறி விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து ஆட்டுக்குள் அறுக்கும் சின்ன வியாபாரிக்குப் பெரிய லைசென்ஸ் தேவையில்லை. "முறையான தொட்டியில்தான் அறுக்க வேண்டும்" என்பார்கள் அதிகாரிகள், அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேலே விசிறியைப் பார்ப்பார்கள். பதிவு கையில் வந்ததும் ஒரு ஆட்டோடு ஆரம்பியுங்கள். வெள்ளிக்கிழமையே கறிக் கூறுக்கு (பங்குக்கு) ஆள் எழுதி, காசு வாங்கி, எல்லாக் கூறும் போன பிறகு கத்தியை எடுங்கள். சொந்தக்காரர் கடன் கேட்பார், கொடுத்தால் அந்த ஒரு கூறில் உங்கள் லாபம் முழுக்கப் போய்விடும்.

அதற்கு முன் ஒரு வாரம் ஆடு இல்லாமல் வெறுங்கையோடு சந்தைக்குப் போய்வாருங்கள். திங்கள் கே.வி.குப்பம், வெள்ளி ஒடுகத்தூர். உங்கள் குட்டி அளவு உள்ள நாலு குட்டி என்ன விலைக்குப் போகிறது என்று நின்று பாருங்கள். புரட்டாசியில் போகாதீர்கள், அந்த மாதம் பாதிப் பேர் கறியே தொடுவதில்லை.