நரிட்டாவில் ஓர் இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பான் வழியாக ஊர் திரும்பியதைப் பற்றி எழுதும்போது, விமான நிலையத்தில், ஓர் ஆள் படுக்கும் அளவுப் பெட்டிகளை அடுக்கிய ஒரு கேப்சூல் ஹோட்டலில் படுத்தெழுந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அமெரிக்காவில் படிக்கும் என் மகள் அடுத்த மாதம் அதே வழியில் வருகிறாள். டோக்கியோவுக்கான நரிட்டா விமான நிலையத்தில் ஓர் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். அவளும் அங்கேயே தங்கப்போவதாகச் சொல்கிறாள். படத்தைப் பார்த்தேன். பிணவறைப் பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கிறது. பூட்டுகூடக் கிடையாதாம். மனிதர்களை இப்படி அடைத்துக் காசு பார்ப்பதை ஒரு குறையும் சொல்லாமல் உங்களால் எப்படிக் கடக்க முடிந்தது?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

முதலில் மகள் விஷயம். நான் தங்கியது இரண்டாவது முனையத்தை ஒட்டிய வாகன நிறுத்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 2014இல் திறந்த 'நைன் ஹவர்ஸ்' விடுதி. வரவேற்பு மேசையைத் தாண்டியதுமே ஆண்களுக்கு ஒரு வழி, பெண்களுக்கு ஒரு வழி. குளிக்கும் இடம், லாக்கர், படுக்கை எல்லாம் தனித்தனி. பூட்டு லாக்கருக்கு உண்டு. படுக்கைக்கு ஒரு சுருள் திரை மட்டும்தான். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் லாக்கரில் வைத்துவிட்டால் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியது விசாவுக்கு. விடுதி குடியேற்றச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே போகப் பொதுவாக விசா வேண்டும். விமான நிறுவனத்திடம் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி, நான் ஏன் குறை சொல்லவில்லை என்பது.

நரிட்டாவில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை, அவசரம் என்றால் ஒழிய, விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. டோக்கியோவிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, சன்ரிசுகா என்ற பகுதியின் விளைநிலங்களில் விமான நிலையம் கட்ட 1966இல் அரசு முடிவெடுத்தது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். மே மாதம்தான் திறக்க முடிந்தது. இன்றும் ஓடுபாதையைச் சுற்றி ஊர்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் இருப்பவர்கள் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் ராத்திரியில் விமானங்கள் நிற்கின்றன. கடைசி ரயிலும் போன பிறகு வந்து இறங்குகிறவனுக்கு ஒரு படுக்கை தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் காத்திருப்பு பாரமாகத் தெரியவில்லை.

படுக்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் தலை இடிக்காது. வழவழப்பான வெள்ளைச் சுவர், மூலைகளெல்லாம் வளைந்திருக்கும். முதல் பத்து நிமிடம் எனக்கும் மூச்சு முட்டியது உண்மைதான். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டுப் படுத்தபோது, சின்ன வயதில் ரயிலின் மேல் பெர்த்தில் அப்பா ஏற்றிவிட்டுப் போர்வையை இழுத்துவிடுவாரே, அந்த நிம்மதி வந்தது. விடுதியின் பெயரே ஒரு கணக்கு: குளிக்க ஒரு மணி நேரம், தூங்க ஏழு மணி நேரம், கிளம்ப ஒரு மணி நேரம், மொத்தம் ஒன்பது. அவர்கள் விற்பது அறையை அல்ல, தூக்கத்தை. அதற்குத் தேவையில்லாததை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

இந்தக் கேப்சூல் ஹோட்டல் வகையைத் தொடங்கியவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. டோக்கியோவின் கின்சாவில், பெட்டிப் பெட்டியாகக் கோத்த நாககின் குடியிருப்புக் கோபுரத்தை 1972இல் கட்டினார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய பெட்டியை மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. ஒரு பெட்டியைக்கூட மாற்றாமலே 2022இல் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் ஒசாகாவின் உமேடாவில் 1979இல் அவர் வடிவமைத்த முதல் கேப்சூல் ஹோட்டல் ஒரு வழக்கமாகவே பரவியது. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர்களுக்கு, டாக்ஸியில் வீடு போவதைவிட அங்கே படுப்பது மலிவு.

விடியற்காலையில் விழிப்பு வந்தது. எனக்குக் கீழ்ப் படுக்கையில் இருந்தவர் திரையை விரற்கடை விரற்கடையாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். இறங்கியவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனார். பின்னாலேயே நானும் லாக்கர் பக்கம் போனேன். பெட்டியின் ஜிப்பை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பல் பல்லாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கியவர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிணவறையில் இப்படி யாரும் நடக்க மாட்டார்கள், எம். அங்கே எழுந்துவிடுவார்களோ என்று பயப்பட யாரும் இல்லை.

ஆனாலும் உங்கள் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, வேலை போனவர்கள் பலர் டோக்கியோவின் பழைய கேப்சூல் ஹோட்டல்களில் மாத வாடகைக்குக் குடியிருந்தார்கள். இரண்டு மீட்டர் பெட்டிதான் ஒருவருடைய வீடு, முகவரி எல்லாம் என்றால் அது கொடுமைதான். அங்கே நீங்கள் சொன்ன சொல்லையே நானும் சொல்வேன். மறுநாள் விமானம் ஏறி வீட்டுக்கு வரப்போகிற உங்கள் மகளின் ஓர் இரவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். காலையில் வேண்டிய பிரஷ், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துப்போகட்டும். நான் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன். அதைத் திறந்தபோது எழுந்த சரசரப்பு அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

அன்புடன்.