பெங்களூரில் 20-க்கு 30 சைட்: மாடிப்படியையும் சமையலறையையும் முதலில் முடிவு பண்ணுங்கள்

கேள்வி: "பெங்களூரில் கிழக்கு பார்த்த 20-க்கு 30 அடி சைட் (மனை) வாங்கியிருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. அறைகளை எப்படிப் பிரித்தால் நெருக்கடி இல்லாமல் இருக்கும்? கார் நிறுத்த இடம் விடலாமா?"

எங்களுக்கும் இதே அளவு, இதே திசை, இதே ஐந்து பேர்தான். அல்சூரில் 14 வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ராமமூர்த்தி நகர் பக்கம் கட்டிக் குடிபோனோம். குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று தெரிந்தே சொல்கிறேன்.

600 சதுர அடி என்று நினைத்துக்கொண்டு பென்சிலை எடுக்காதீர்கள். நாங்கள் முன்னால் 3 அடி, பின்னால் 2 அடி, வடக்கில் இரண்டரை அடி விட்டோம். (உங்கள் தெருவுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை லைசென்ஸ் உள்ள எஞ்சினியரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.) மிச்சம் பதினேழரைக்கு 25. சுவர் கனத்தைக் கழித்தால் உள்ளே பதினாறரைக்கு 24, அதாவது 396 சதுர அடி. அதுவும் வெளிச்சுவருக்கு 6 இஞ்ச் சாலிட் பிளாக் (கான்கிரீட் கல்) போட்டதால். 9 இஞ்ச் செங்கல் சுவர் வைத்திருந்தால் தளத்துக்கு இன்னும் 20 சதுர அடி போயிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: சுவர் 6 இஞ்ச், தூண் 9 இஞ்ச் என்றால் அறை மூலையில் தூண் 3 இஞ்ச் நீட்டிக்கொண்டு நிற்கும். பீரோ சுவரோடு ஒட்டாது. பீரோ எந்த மூலை என்று முதலிலேயே எஞ்சினியரிடம் சொல்லிவிட்டால் தூணை வேறு பக்கமாகத் திருப்பித் தருவார்.

ஐந்து பேருக்கு ஒரு தளம் போதாது, மாடி கட்டியே ஆக வேண்டும். அதனால் முதலில் உட்கார வேண்டியது மாடிப்படிதான். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்றால், படிக்கு 7 இஞ்ச் கணக்கில் 17 படி வரும். 3 அடி அகலத்தில் பாதிவழியில் திரும்பும் படி, நடுவில் நின்று திரும்ப ஒரு லேண்டிங் என்று வைத்தால் ஆறரைக்கு 10 அடி போய்விடும். 396-ல் 65, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! அறைகளையெல்லாம் ஆசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் படியைச் செருகினால், 9 இஞ்ச் உயரத்தில் செங்குத்தான படிதான் கிடைக்கும். அதில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

படிக்குக் கீழே டாய்லெட் வைத்துவிடலாம் என்று மேஸ்திரி கட்டாயம் சொல்வார். எங்களிடமும் சொன்னார். லேண்டிங் 5 அடி உயரத்தில் வருகிறது. அதன் கீழே யார் நிமிர்ந்து நிற்பது? வயதான அம்மா இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினை வையுங்கள், அதன் உயரம் 3 அடிக்குள்தான்.

படியைத் தென்கிழக்கு மூலையில், வாசலை ஒட்டி வைத்தோம். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு, அதில் ஜன்னல் திறக்க வழியே இல்லை. வெளிச்சம் வராத சுவரைப் படிக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டமில்லை. படி மொட்டை மாடியைத் தொடும் இடத்தில் கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தோம். காலையில் அந்த வெளிச்சம் படி வழியாக ஹால் வரைக்கும் இறங்குகிறது.

அப்புறம் சமையலறை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

எஞ்சினியர் கொடுத்த பிளானில் சமையலறை அகலம் 6 அடி. நேஷனல் பில்டிங் கோட் (நாட்டின் கட்டட விதித்தொகுப்பு) கேட்பது குறைந்தது 1.8 மீட்டர், அதற்கு அது பொருந்தும். பேப்பரில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வீட்டு மொட்டை மாடியில் டேப் பிடித்து, கோலமாவால் தரைத்தளம் முழுவதையும் நிஜ அளவில் வரைந்தோம். சுவர், கதவு, அடுப்பு மேடை, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கோடு. கதவு திறக்கிற பக்கத்துக்கு அரைவட்டமும் போட்டோம். பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா சமையலறைக் கோட்டுக்குள் போய், கையில் குக்கர் இருப்பது போல் பிடித்துக்கொண்டு அடுப்பிலிருந்து சிங்க் பக்கம் திரும்பினார். எதிர் மேடையில் மாவு அரைக்கிற மாதிரி நின்றிருந்த என் மனைவி மேல் முழங்கை இடித்தது.

"ஏம்ப்பா, சூடான குக்கரைத் தூக்கிட்டு நான் எப்படித் திரும்பறது?" என்றார்.

இரண்டு பக்கமும் 2 அடி மேடை போக நடுவில் 2 அடிதான் இருந்தது. ஒருவர் நிற்கலாம், இருவர் நிற்க முடியாது. எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு இருவர் நிற்பார்கள். யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்தார். அது அவருடைய அறைச் சுவர். "என் ரூம்ல ஒரு அடி எடுத்துக்கோ. அங்க நான் தூங்கத்தானே போறேன். இங்கதானே நாள் பூரா நிக்கணும்." அப்படித்தான் சமையலறை 7 அடி அகலம் ஆனது, அம்மாவின் அறை 10-லிருந்து 9 ஆனது. நீளம் 12 இருப்பதால் அந்த அறை 108 சதுர அடி வருகிறது. ஓரமாகக் கட்டில், எதிரே பீரோ, நடுவில் தாராளமாக நடக்கலாம். கன்னி மூலையில் (தென்மேற்கில்) அறை கிடைத்ததில் அம்மாவுக்கு நிறைவு. அடுப்பு அக்னி மூலைக்கு வரவில்லை, அங்கே படி இருக்கிறது. வடமேற்குப் பக்கமும் சமையலுக்கு ஆகும் என்று வாஸ்து பார்த்தவரும் சொன்னதால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஃப்ரிட்ஜை ஹாலுக்குத் தள்ளிவிட்டோம்.

தயவுசெய்து இதை நீங்களும் செய்யுங்கள். நாலைந்து நாள் கோடு அழியாமல் வைத்திருந்து, காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை உள்ளே நடந்து பாருங்கள். சுவர் எழும்பிய பிறகு ஒரு அடிகூட நகராது.

குளியலறை அம்மாவின் அறையை ஒட்டி, 7-க்கு நாலேகால். கதவு இரண்டரை அடி, வெளியே திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாராவது தடுமாறி விழுந்தாலும் வெளியிலிருந்து திறந்துவிடலாம். மேல்தளத்துக் குளியலறையும் நேர் மேலே, அதே குழாய் வரிசையில். ஒருவேளை கசிந்தாலும் கீழே யார் கட்டில் மேலும் சொட்டாது. ஆனால் இதில் ஒரு தப்பு செய்தோம். கதவு அம்மாவின் அறைக்குள் மட்டும்தான் இருக்கிறது. விருந்தாளி வந்தால், அம்மா படுத்திருக்கும்போது அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மாடி ஏற வேண்டும். கோலமாவு போட்ட நாளில் விருந்தாளியாக யாரும் நடந்து பார்க்கவில்லை. நீங்கள் ஹாலிலிருந்தும் போகிற மாதிரி மூன்றடி வழி விடுங்கள், ஹால் சின்னதானாலும் பரவாயில்லை.

மேலே இரண்டு படுக்கையறை, பிள்ளைகள் படிக்க படி அருகே ஒரு மேசை. அதில் சொல்ல அதிகமில்லை.

கார் விஷயத்தில் என் கருத்து, வேண்டாம். சின்ன காருக்கே ஏறக்குறைய 12 அடி நீளம், 5 அடி அகலம். கதவு திறக்க, சுற்றி வர என்று 8-க்கு 14 ஒதுக்க வேண்டும். அது 112 சதுர அடி, அம்மாவின் அறையைவிடப் பெரிது. காரைக் கீழே நிறுத்தினால் முதலில் மாடிக்குப் போகப்போவது அம்மாதான். முழங்கால் வலியோடு தினமும் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னால் விட்ட 3 அடியில் இரண்டு ஸ்கூட்டர் வரிசையாக நிற்கிறது, அது போதும்.

சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) மறந்துவிடாதீர்கள். காவிரித் தண்ணீர் தினமும் வராது, 2024 கோடையில் போர்வெல் வற்றி ஊரே டேங்கருக்கு நின்றது. 6000 லிட்டர் டேங்கர் முழுவதையும் இறக்க 212 கன அடி வேண்டும். ஐந்தரை அடி அகலம், 7 அடி நீளம், ஐந்தரை அடி தண்ணீர் ஆழம் இருந்தால் வந்துவிடும். எங்களுக்கு எஞ்சினியர் தூண்களுக்கு நடுவே ஹாலுக்கு அடியில் அமைத்து, மூடியை வாசலுக்கு வெளியே வைத்தார். மூடி தரையைவிட அரை அடி உயரமாக, பூட்டோடு இருக்கட்டும். சாக்கடை சேம்பர் எதிர்க்கோடியில் இருக்கட்டும்.

உங்கள் சைட்டுக்கு எந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் ஏற்கெனவே எழும்பியிருக்கிறது என்று சொல்லுங்கள். வடக்கில்தான் என்றால் நான் சொன்னதை அப்படியே திருப்பிப் போட வேண்டியிருக்கும்: படி வடகிழக்குக்குப் போகும், சமையலறை தெற்குப் பக்கம் வரும்.